சுளகும் சொல்லும்

ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தியின் கட்டுரைக் கொப்பி என் மேசைமேல் இருக்கின்றது. ‘எமது ஊர்க் கைப்பணிகள்’ என்பது யான் கொடுத்த தலைப்பு. சந்தி பிழைக்கவில்லை, வாக்கியம் வழுவவில்லை. ஆயினும் படிக்கப் படிக்க என் மனம் சோர்ந்தது. ‘அம்மம்மா பாய் செய்வார். மாமி பெட்டி செய்வார். குயவர் பானை செய்வார். மீனவர் வலை செய்வார். மருதமுனையில் துணி செய்வார்கள்.’ உலகத்துத் தொழில்கள் யாவும் ‘செய்’ என்னும் ஒரு வினையுள் அடங்கிவிட்டன.

சிவப்பு மையை எடுத்தேன். பாய் இழைப்பார், கூடை முடைவார், பானை வனைவார், வலை பின்னுவார், துணி நெய்வார், கயிறு திரிப்பார், பூத் தொடுப்பார், கூரை வேய்வார் என்று ஓரத்தில் வரிசையாக எழுதினேன். எழுதி முடித்தபோது பண்டிதனுக்கு இயல்பாய் வரும் ஒரு பெருமிதம் எனக்கும் வந்தது. எம் மொழியின் வளத்தைப் பார் என்று அவளிடம் கொப்பியைக் கொடுத்தேன்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். பின்னர், “ஐயா, இழைக்கிறதுக்கும் முடையிறதுக்கும் பின்னுறதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டாள்.

யான் அகராதி கூறும் பொருளைக் கூறினேன். ‘இழை’ என்னும் பெயரிலிருந்து வினையை விளக்கினேன். சந்தனம் இழைத்தலையும் மரம் இழைத்தலையும் உடன் எடுத்துக் காட்டினேன்.

“அது விளங்குது ஐயா. ஆனா கை என்ன செய்யும்?”

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருகின்றேன். இந்த வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. இழைக்கும்போது கை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்தவன்போற் சிவப்பு மையால் திருத்தியிருக்கின்றேன்.

இஃது என் ஒருவனுடைய குறையன்று. தமிழ் கற்பிக்கும் நம்மிற் பலர் பொருளை இழந்துவிட்டுச் சொல்லை மட்டும் காத்து நிற்கின்றோம். நன்னூற் பாயிரத்தை மாணவர்க்கு நெட்டுருப் பண்ணுவிக்கின்றோம். நூல் என்னும் பெயர் வந்த காரணத்தை அங்கே ஆசிரியர் ஓர் உருவகத்தால் விளக்குகின்றார். சொல் பஞ்சாகின்றது, புலவன் நூல் நூற்கும் பெண்ணாகின்றான், வாய் அவள் கையாகின்றது, அறிவு கதிராகின்றது. எத்துணை அழகிய உருவகம்! ஆனால் கதிர் சுழலக் கண்ட மாணவர் இன்று எத்தனை பேர்? கதிரைக் காணாதவனுக்கு ‘கதிர் என்பது அறிவு’ என்று உரை கூறினால், தெரியாத ஒன்றைக் கொண்டு தெரிந்த ஒன்றை விளக்கியதாக முடியும். உவமை தலைகீழாகின்றது.

சுளகை எடுத்துக்கொள்ளுங்கள். முறம் எனினும் ஒக்கும். சுளகை ஏந்திய கை ஒரே வேலையைச் செய்வதில்லை. மேலும் கீழும் எறிந்து உமியைப் போக்குவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் குறுநொய்யையும் மணலையும் பிரிப்பது கொழித்தல். நுண்ணியதைப் பரியதினின்றும் ஒதுக்கி எடுப்பது தெள்ளுதல். ‘தெள்ளிய அறிவு’ என்றும் ‘தெளிவு’ என்றும் பேசுகின்றோமே, அச்சொற்களின் உறவுமுறையைச் சுளகு பிடித்த பெண் ஒருத்தி அகராதியின்றியே உணர்ந்திருப்பாள். எம் வீடுகளிற் சுளகு மறைந்து, அரிசி கல் நீங்கிப் பைகளில் வருகின்றது. அதனால் நேரம் மிஞ்சுகின்றது, மறுக்கவில்லை. ஆனால் புடைத்தலும் கொழித்தலும் தெள்ளுதலும் ஒன்றாகிச் ‘சுத்தம் செய்தல்’ ஆகிவிட்டன. பொருள் போனபின் சொல் சில காலம் நிற்கும்; பின்னர் அதுவும் போகும்.

நிற்க. அந்த மாணவியின் அம்மம்மா எங்கள் வீட்டிற்கு நாலு வளவு தள்ளி இருப்பவர். அடுத்த விடுமுறையில் அவரிடம் சென்றேன். “ஆச்சி, பாய் இழைக்கிறது எப்படி என்று எனக்குச் சொல்லித் தாருங்கள்” என்றேன். அவர் சிரித்தார். “வாயால கேட்டா வருமா மனே? கையாலதான் கேக்க வேணும்” என்றார்.

கையால் கேட்டேன். பாய்க்கு முன்னர்த் தடுக்கு. தடுக்கு என்பது ஒருவர் இருக்கத்தக்க சிறு பாய். நீர்நிலை ஓரத்துப் பன்னை வெட்டி, வெயிலிற் காயவிட்டு, வேண்டியவற்றுக்குச் சாயமூட்டி வைத்திருந்தார். நீர் தெளித்துப் பதப்படுத்திய பின்னரே அது விரலுக்கு இணங்கும். காய்ந்திருந்தால் முறியும், மிக நனைந்தால், இழைத்த பின்னர் உலர்ந்து இடைவெளி காட்டும். அந்தப் பதம் எந்த ஏட்டிலும் இல்லை. ஆச்சியின் பெருவிரலில் இருக்கின்றது. குறுக்கும் நெடுக்குமாக ஒன்றை எடுத்து ஒன்றை விட்டு, ஒவ்வோர் இழையையும் அடுத்த இழையோடு நெருக்கி வைக்க வேண்டும். எடுப்பதும் விடுவதும் எளிது, நெருக்குவதே வேலை. முதல் நாள் யான் இழைத்ததை ஆச்சி ஒரு சொல்லும் சொல்லாமல் முழுவதும் பிரித்தார். மாணவர் கட்டுரையைச் சிவப்பு மையால் வெட்டுகின்றபோது அவர்க்கு எப்படி இருக்கும் என்பதை அன்று அறிந்தேன்.

பத்தாம் நாள் என் தடுக்கு ஒருவாறு முடிந்தது. நாற்புறமும் சதுரமாக இல்லை. ஒரு மூலை நாய்க்குட்டியின் காதுபோல் எழுந்து நிற்கின்றது. ஆனால் அந்த மாணவியின் வினாவுக்கு இப்பொழுது விடை கூற என்னால் இயலும். பின்னும் கை இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் புரட்டித் தலைமயிர்போற் சேர்த்துக் கொண்டு செல்லும். முடையும் கை வளைந்து வளைந்து ஒரு வெற்றிடத்தைச் சூழும். இழைக்கும் கை தரையோடு தரையாகப் பரந்து, ஒவ்வோர் இழையையும் தடவி அதன் இடத்தில் இருத்தும். சந்தனக் கட்டையைக் கல்லில் இழைக்கும் கையும் மரத்தை இழைக்கும் தச்சன் கையும் அதே தடவலைத்தான் செய்கின்றன. யான் அகராதியிலிருந்து ஒப்பித்த மூன்று பொருளும் ஒரே கையசைவு என்பதை ஐம்பது வயதுக்குப் பின்னர்க் கற்றுக்கொண்டேன்.

சொல் நின்று பொருள் அழிந்தால் என்ன நேரும் என்பதற்கு எம் மட்டக்களப்புத் தமிழகத்திலேயே பெருஞ் சான்று உண்டு. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் இயற்றிய யாழ் நூல் 1947 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயர்கள் நூல்களிற் கிடந்தன, கருவி இல்லை. கருவியைச் செய்த தச்சனும் இல்லை. நரம்பைக் கட்டிய கையும் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் யாழாசிரியன் அமைதி கூறும் சில அடிகளின் பொருளைத் துலக்குவதற்கு, தமிழும் கணிதமும் விஞ்ஞானமும் ஒருங்கே கற்ற ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளிற் பல்லாண்டுகளைச் செலவிட வேண்டியிருந்தது. யாழைக் கைவிட்ட காலத்தார் அதன் செய்முறையை ஒருவர்க்கேனும் கற்பித்துவைத்திருப்பின் அத்துணை உழைப்பும் வேண்டியதில்லை. எல்லாக் கருவிக்கும் ஒரு விபுலானந்தர் பிறப்பார் என்று எதிர்பார்க்க இயலுமா? சுளகுக்கும் உமலுக்கும் நீத்துப்பெட்டிக்கும் கரப்புக்கும் யார் நூல் இயற்றுவார்?

கரப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. வடமோடிக் கூத்தில் அரசவேடத்தார் அணியும் விரிந்த உடையைக் கரப்புடுப்பு என்கின்றோம். மீன் பிடிப்பதற்கும் கோழியை மூடுவதற்கும் பயன்பட்ட கரப்பைக் கண்டவனுக்கு அப்பெயர்க் காரணம் பார்த்த மாத்திரத்தே விளங்கும். காணாதவன் பரீட்சைக்காக அதனை மனனஞ் செய்வான்.

இப்பொழுது பழம்பொருள் விருப்பம் பற்றிச் சில சொல்ல வேண்டும். படுவான்கரைக்கு வருவோர் முன்னர் மண்முனைத் துறையில், ‘பாதை’ என்று நாம் வழங்கிய மிதவைக்காகக் காத்து நின்றனர். 2014 இல் யப்பான் நாட்டின் உதவியுடன் கட்டிய பாலம் திறக்கப்பட்டது. அப்பால் இருந்தோர் இப்பால் எளிதில் வருகின்றனர். வருவோருள் பழைய வெண்கலச் செம்பு, வெற்றிலை வட்டா, கால்விளக்கு, ஓலைக் கொட்டப்பெட்டி ஆகியவற்றைத் தேடி வருவோரும் உளர். வரவேற்பறையில் அவற்றை அடுக்கிப் படம் பிடிப்பது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. பண்டிதர் சிலர் இதனை எள்ளி நகைப்பர். யான் நகையேன். பழையதை விரும்புவது நல்ல தொடக்கம். ஒன்றை அழகியது என்று காணும் கண், ஒருநாள் அதனைச் செய்த கையையும் தேடும்.

என் நிலையோ அவர்களினும் கீழானது. எங்கள் வீட்டில் ஒரு வெண்கல வட்டா இருந்தது. வந்தாரை வெற்றிலை வைத்து வரவேற்பது எம் நாட்டு வழக்கம். அந்த வட்டாவை முன்வைத்த பின்னரே என் தாயார் பேச்சைத் தொடங்குவார். 1978 கார்த்திகைச் சூறாவளி கூரையைக் கொண்டு சென்றது, வட்டா நின்றது. 1987 தையிலும் 1991 ஆனியிலும் இவ்வூரும் அயலும் கண்ட கொடுமைகளை ஈண்டு விரிக்கேன். ஊர் விட்டு ஓடிய காலத்தில் தாயார் அதனைச் சாக்கிற் சுற்றி வளவின் மூலையிற் புதைத்தார். திரும்பி வந்து தோண்டி எடுத்தார். அவர் மறைந்தபின், அமைதி நிலவிய ஒரு நாளில், பழைய பாத்திரம் வாங்கும் வியாபாரி ஒருவர் வாயிலுக்கு வந்தார். யான் அதனைத் தராசில் வைக்க இசைந்தேன். நிறைக்கு விலை பேசி, ஈடாக இரண்டு பிளாஸ்டிக் வாளிகளைப் பெற்றுக்கொண்டேன். சூறாவளிக்கும் போருக்கும் தப்பிய வட்டா, தமிழ்ப் பண்டிதன் ஒருவனின் அறியாமைக்குத் தப்பவில்லை. வாளிகளுள் ஒன்று அடுத்த கோடையிலேயே வெடித்தது. வியாபாரியை யான் குறை கூறேன்; அவர் கண்டது வெண்கலத்தின் நிறை. யானும் அதையே கண்டேன் என்பதுதான் குற்றம்.

பொருளின் நிறையைக் காண்பதற்கும் அதன் வினையைக் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை உலகுக்கு எடுத்துரைத்தோருள் முன்னிற்பவர் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருள் ஆய்வாளராக இத்தீவுக்கு வந்தவர், கண்டிப் பகுதிக் கைவினைஞரிடம் சென்று, அவர்கள் கருவியையும் செய்முறையையும் அளவையும் பெயரையும் குறித்துக் கொண்டார். அவற்றை விரித்துரைக்கும் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூல் 1908 இல் வெளிவந்தது. அதனை எந்திர வேகத்தில் அச்சிட அவர் உடன்படவில்லை. கை அச்சில் 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. கைப்பணி பற்றிய நூல் தானும் கைப்பணியாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அழகிய பொருள்களை மட்டுமன்றி, அவற்றைத் தந்த வாழ்க்கையையும் அந்நூல் பேசுகின்றது என்பதே அதன் பெருமை.

யப்பானிலே யானகி சோயெட்சு என்பார் இன்னும் ஓரடி முன் வைத்தார். பெயர் அறியப்படாத குயவரும் நெசவாளரும் நாளாந்தப் பயன்பாட்டுக்குச் செய்த பொருள்களிலேயே உயர்ந்த அழகு உண்டு என்றார். அதற்கென ‘மிங்கெய்’, அதாவது மக்கள் கைப்பணி, என்னும் ஒரு சொல்லை 1925 இல் நண்பரோடு கூடி ஆக்கினார். 1936 இல் தோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகமும் திறந்தார். பாலம் தந்த நாட்டிலிருந்து இந்தக் கருத்தையும் நாம் பெற்றுக்கொள்ளலாம்: பயன்படும் பொருளே உயிருள்ள பொருள்.

இங்கே ஒரு தடை எழும். ‘பண்டிதரே, நீர் விடுமுறையிற் பொழுதுபோக்காகத் தடுக்கு இழைத்தீர். ஆச்சி வயிற்றுக்காக இழைக்கின்றார். அவர் மகளும் பேர்த்தியும் அதையே செய்ய வேண்டுமா? இன்ன குடியிற் பிறந்தவர் இன்ன தொழிலையே செய்க என்னும் பழைய தளையை அழகென்று போற்றுகின்றீரா?’ இத்தடை நேர்மையானது. விடை கூறாமற் செல்லுதல் தகாது.

எவரையும் அவர் பிறந்த தொழிலோடு கட்டிவைக்க யான் கூறவில்லை. அந்த மாணவி மருத்துவராகட்டும், பொறியியலாளராகட்டும். யான் கூறுவது அதன் மறுதலை. தொழில் ஒரு குடிக்குரியது என்ற எண்ணத்தால்தான் ஏனையோர் அதனைக் கற்கவில்லை. உரியோர் அதனை விட்டதும் அது மாண்டது. எல்லாரும் விரும்பிக் கற்கும் கலையாக அது மாறினால் இழிவும் நீங்கும், கலையும் நிலைக்கும். இளங்கோவடிகள் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும்போது, கன்னாரையும் செம்பு கொட்டியையும் தச்சரையும் கொல்லரையும், துணியாலும் நெட்டியாலும் பூவும் பாவையும் செய்வோரையும் வரிசைப்படுத்திச் சொல்கின்றார். அவர்களும் அந்நகரின் சிறப்பாகவே காப்பியத்தில் இடம்பெறுகின்றனர். காப்பியத்தில் இடம்பெற்றவர்க்கு எம் வகுப்பறையில் இடமில்லை என்பது எத்துணை முரண்!

மற்றொன்று விலை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத் திருவிழாவில், கற்றவர் ஒருவர் பன்பாய் விற்ற முதியவளிடம் பாதி விலைக்குக் கேட்டு நின்றதைக் கண்டேன். பன்னை வெட்டுவதிலிருந்து ஓரம் மடிப்பது வரை அப்பாய்க்கு ஒரு கிழமை உழைப்பு உண்டு என்பதை ஆச்சியிடம் இருந்து யான் அறிவேன். அருகிருந்த பிளாஸ்டிக் பாய்க் கடையில் அவர் ஒரு சொல்லும் பேசாமல் குறித்த விலையைக் கொடுத்தார். கைக்குப் பேரம், எந்திரத்துக்கு மரியாதை. ஒரு தடுக்கு இழைத்துப் பார்த்தவன் இவ்வாறு பேரம் பேசான். கைப்பணியைப் பொழுதுபோக்காகப் பழகுவதால் வரும் முதற்பயன் இதுவென்பேன்: அது பிறர் உழைப்பின் விலையை நம் விரலுக்குக் கற்பிக்கின்றது. யானும் பல ஆண்டுகள் பாதி விலைக்குக் கேட்டவனே.

ஆதலின் ஆசிரிய நண்பர்க்கும் மாணவர்க்கும் இலக்கிய வட்டத்தார்க்கும் மூன்றே வேண்டுகோள். முதலாவது, ஒவ்வொரு பாடசாலையும் ஒரு தவணைக்கு ஒரு கைப்பணியாளரை வகுப்பறைக்கு அழைத்து, ஆசிரியர்க்குரிய இருக்கையில் இருத்தி, உரிய வேதனம் கொடுத்து மாணவர்க்குக் கற்பிக்கச் செய்க. புள்ளி வேண்டாம், பரீட்சை வேண்டாம். இரண்டாவது, தமிழ் கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் சென்று, ஒரு பொருளின் உறுப்புப் பெயர்களையும் அதனைச் செய்யும் வினைப் பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதுக. இலக்கிய வட்டங்கள் அக்கொப்பிகளைத் தொகுத்து அச்சிடுக. மூன்றாவது, பழம்பொருள் சேர்ப்போர் பத்துப் பொருளை வாங்குவதற்கு ஈடாக ஒரு பொருளையேனும் செய்து பார்க்க. வாங்கியதை அலமாரியிற் பூட்டாமல் வழங்குக.

வழங்கினால் தேயுமே என்பர். தேயட்டும். ஆண்டுதோறும் எம் ஊர்த் தேரை அடியார் கூடி வடம் பிடித்து இழுக்கின்றனர். இழுப்பதால் சில்லுத் தேய்கின்றது, அச்சு இளகுகின்றது. அதனால்தான் அதனைச் செப்பமிடத் தெரிந்த தச்சன் ஒருவன் தேவைப்படுகின்றான். அவன் தன் மகனுக்கோ மாணாக்கனுக்கோ அவ்வேலையைக் கற்பிக்கின்றான். ஓடாத தேர் தேயாது, தச்சனையும் வேண்டாது. சில ஆண்டில் அது வெறும் மரக்குவியலாகும். தேய்வு என்பது ஒரு பொருள் வாழ்கின்றது என்பதற்கு அடையாளம்.

அந்த மாணவியின் கொப்பிக்கு மீண்டும் வருகின்றேன். என் தடுக்கை வகுப்பிற்கு எடுத்துச் சென்று காட்டினேன். பிள்ளைகள் எழுந்து நின்ற மூலையைப் பார்த்துச் சிரித்தனர், யானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. தடுக்கை வாங்கிப் புரட்டிப் பார்த்து, “இந்த இடத்தில நெருக்க மறந்திட்டீங்க ஐயா” என்று விரலை வைத்தாள். தன் அம்மம்மாவின் அருகில் அவளும் இருந்து பழகியிருக்கின்றாள் என்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

கட்டுரையை அவள் திருத்தி எழுதியிருக்கின்றாள். ‘அம்மம்மா பாய் இழைப்பார். நானும் கொஞ்சம் இழைப்பேன்’ என்பது முதல் வரி. அதன் கீழ்ச் சரி என்று அடையாளமிட்டேன். இம்முறை, என்ன பொருளில் அவ்வடையாளத்தை இட்டேன் என்பது எனக்குத் தெரியும்.